மூன்றாம் மாடியிலிருந்து ஸ்கேன் அறை வரை

ஜூன் 9, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் ஒரு மருந்து கம்பெனிக்காரர் கொடுத்தார். ஐந்து மாதமாக ஃபிரிட்ஜின் தலையில் கிடந்தது. இன்று மேட்ரன் அம்மா, "மரகதம், தினமும் நடக்குறத வீட்ல எழுதி வச்சுக்கங்க. விசாரணையில தேதி, நேரமெல்லாம் கேப்பாங்க" என்றார். தூசி தட்டி எடுத்தேன். முதல் பக்கத்தில் ரத்த குரூப், எடை, செருப்பு அளவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். செருப்பு அளவு எதற்கு என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். நான் இந்த ஆஸ்பத்திரி ஐசியூவில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். மே 21 அன்று மூன்றாம் மாடி ஐசியூவிலிருந்து ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோன ஒரு பேஷண்ட், வழியில் ஆக்சிஜன் நின்று இறந்துபோனார். சிலிண்டர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சப்பன் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டார் என்று நிர்வாகம் சொல்கிறது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை 3 விசாரணை. அன்று கூடப் போன நர்ஸ் நான். நான் சொல்வதைப் பொறுத்துத்தான் அவர் வேலை. மனிதருக்கு ஐம்பத்தைந்து வயது. சிலிண்டர் உருட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அன்று மதியம் அந்த சிலிண்டரை நான் ஸ்டோரில் ஒப்படைத்தபோது காலியாகத்தான் இருந்தது. ரெஜிஸ்டரிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இப்போது புது ஏற்பாடு. பேஷண்டை இடம் மாற்றும் முன் இருபத்திரண்டு கட்டம் உள்ள ஃபாரம் நிரப்ப வேண்டும். அதற்குப் பொறுப்பு யார் என்றால் நான்தானாம். அனுபவசாலியாம். மேட்ரன் அம்மாவுக்கு வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதில் நல்ல அனுபவம் உண்டு.

ஜூன் 10, செவ்வாய்

புது ஃபாரத்தில் முதல் பேஷண்ட் விசாலாட்சி டீச்சர். கணையத்தில் சீழ், வென்டிலேட்டரில் இருக்கிறார். இந்த மாதிரி ஆளை நகர்த்துவது என்றால் நாலு பேர் போக வேண்டும். தலைமாட்டில் டாக்டர் நிவேதன், மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டு. வலப்பக்கம் நான், குழாயையும் மானிட்டரையும் பார்த்துக்கொண்டு. கால்மாட்டில் டெக்னீஷியன் கலீல். தள்ளுவதற்கு ஓர் அட்டெண்டர். சிலிண்டர் கட்டிலின் இடப்பக்கம், கீழே கம்பித் தொட்டிலில் படுத்திருக்கும். லிப்டில் இறங்கி, தகரக்கூரை நடைபாதையைத் தாண்டி, அடுத்த கட்டடத்தில் ஸ்கேன் அறை. பதினாலு நிமிடம்.

சிலிண்டரை மூன்று முறை பார்த்தேன். லிப்ட் மட்டும் எரிச்சல். கட்டிலும் நாலு பேரும் ஏறினால் ஒரு நாளும் கத்தாத லிப்ட், இன்று பாரம் அதிகம் என்று கத்தியது. கலீல் இறங்கிப் படியில் வந்தான். அவன் இறங்கியதும் கதவு மூடியது.

டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து கையுறையைக் கழற்றினால் உள்ளே கை ஊறிப்போய் வெளுத்திருந்தது.

ஜூன் 12, வியாழன்

லிப்ட் மெக்கானிக் வந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

டீச்சருக்குக் குழாயை எடுத்தாயிற்று. பேசத் தொடங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டார். கரகரத்த குரலில், "கூட வந்தாரே, பச்சைத் துண்டு போட்டவரு, அவரு யாருங்க?" என்றார்.

"அது உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்கும்."

"இல்லம்மா. எங்க பக்கம் யாரும் அப்படித் துண்டு போடுறதில்ல. கட்டிலுக்கு இந்தப் பக்கமா நடந்து வந்தாரு. அப்பப்பக் குனிஞ்சு, கீழ காதை வச்சுக் கேட்டாரு." இடக்கையைத்தான் காட்டினார்.

ஐசியூவில் படுத்தவர்களுக்கு இல்லாதது தெரிவது வழக்கம். சுவரில் எறும்பு ஊரும், கூரையில் ரயில் ஓடும். டாக்டர் நிவேதனும் அதையே சொல்லிச் சிரித்தார். வெளி ஆட்களை நடைபாதையில் விடாதே என்று செக்யூரிட்டியைச் சத்தம் போட்டேன். அவன் யாரையும் விடவில்லை என்று சாதித்தான்.

பச்சைத் துண்டு ஊரில் எத்தனையோ பேர் போடுகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

மதியம் இரண்டேகாலுக்கு டூட்டி முடிந்து வெளியே வந்தால், பஸ் ஸ்டாப்பில் ஒச்சப்பன் நிற்கிறார். உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம். ஆள் பாதியாகிவிட்டார். ஷேவ் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் வழக்கம்போலத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர், எத்தனையோ தடவை சொல்லியும் கேட்க மாட்டார்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்குக் காலையில நாலு சிலிண்டரையும் தொறந்து மீட்டரு முள்ளப் பாத்துட்டு, மூடி, சாக்பீஸ்ல கோடு போட்டு, சாவிய அதது கழுத்துல மாட்டித்தான் வச்சேன். இருபத்தாறு வருசமா அப்படித்தான் வைக்கிறேன். ஆனா இப்ப யோசிச்சா, கோடு போட்டது ஞாபகம் இருக்கு. முள்ளப் பாத்தது ஞாபகமில்ல. நீங்க கெளம்பும்போது முள்ளப் பாத்தீங்கள்ல? எங்க நின்னுச்சு?"

அதற்குள் ஒரு பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அது என் பஸ் இல்லை. பெரியார் நிலையத்தில் இறங்கி மாறி வந்து வீடு சேர நாலு மணி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஏன் லேட் என்று கேட்டார். டிராஃபிக் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

சோனைமுத்து என்று ஒரு விவசாயி. வயலில் கட்டுவிரியன் கடித்து நேற்று வந்தார். கை கால் அசைவில்லை, இமை திறக்கவில்லை, கண்மணியில் வெளிச்சம் அடித்தாலும் சுருங்கவில்லை. மூளையிலும் ஏதோ ஆகியிருக்கலாம் என்று ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்கள். எதற்குமே அசையாத ஆள் என்பதால் மயக்க மருந்தும் போடவில்லை.

சிலிண்டரைப் பார்த்தேன். சாவியைத் திருப்பித் திறந்தேன், முள்ளைப் பார்த்தேன், சாவியை மறுபடி தொட்டுப் பார்த்தேன். "சிஸ்டர், இதோட அஞ்சாவது தடவ" என்றான் கலீல். லிப்ட் கத்திவிடும் என்று அவன் முன்பே படியில் இறங்கிப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேர் மட்டும் லிப்டில். லிப்ட் கத்தவில்லை.

நடைபாதையில் வெயில் தகரத்தைத் தாண்டி இறங்கியது. நல்ல பகல் பதினோரு மணி, ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள். ஆனாலும் என் முதுகு மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. முருங்கைக்காய் சாம்பார். தலைவலி.

ஜூன் 23, திங்கள்

சோனைமுத்து பிழைத்துக்கொண்டார். விஷமுறிவு மருந்து வேலை செய்து முதலில் இமை திறந்தது, பிறகு விரல், பிறகு கை. நேற்றுக் குழாயை எடுத்தார்களாம். ஞாயிறு எனக்கு லீவு. இன்று காலை நான் உள்ளே நுழைந்து குட்மார்னிங் சொன்னதும், "இந்தக் கொரலு எனக்குத் தெரியும். நீங்கதான் முள்ளு முள்ளுன்னு சொல்லிக்கிட்டு வந்த சிஸ்டர்" என்றார்.

அவருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. கண் திறக்க முடியவில்லை, விரல் அசைக்க முடியவில்லை, ஆனால் காது மட்டும் விழித்திருந்திருக்கிறது. கலீல் பரோட்டாக் கடையில் நடந்த சண்டையைச் சொன்னது, டாக்டர் நிவேதன், "இவர் தேறுவார்னு தோணல" என்றது, எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

பிறகு சோனைமுத்து சொன்னார்: "லிப்டுக்குள்ள நீங்க நாலு பேரு இருந்தீங்க."

"மூணு பேருண்ணே. கலீல் படியில வந்தாப்ல."

"இல்ல சிஸ்டர். டாக்டரு, நீங்க, தள்ளுற தம்பி, அப்புறம் இன்னொருத்தரு. அவருக்குச் செருப்பு இல்ல. வெறுங்காலு தரையில ஒட்டி ஒட்டி எடுக்குற சத்தம். எனக்கு இந்தப் பக்கமா, கீழ குனிஞ்சு ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சாரு. மூட்டு சொடக்குப் போட்டுச்சு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவரு, 'காத்து வருதா'ன்னு கேட்டாரு. நீங்க 'வருது'ன்னீங்க. நடையில வரும்போதும் கேட்டாரு. அப்பவும் நீங்க 'வருது, வருது'ன்னீங்க. எனக்கு உசுரு போகுதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த மனுசன் கேட்டுக்கிட்டே வந்தது தெம்பா இருந்துச்சு. அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க, கும்பிட்டுக்கிறேன்."

நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. வெளியே வந்து கலீலிடம் விசாரித்தேன். "லிப்டுல நான் இல்ல சிஸ்டர். ஆனா நடையில நீங்க பேசிக்கிட்டுத்தான் வந்தீங்க. ஜெபம் பண்றீங்க போலன்னு நெனச்சேன்" என்றான்.

நான் ஜெபம் பண்ணுகிற ஆள் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

எழுதியதை எல்லாம் திருப்பிப் படித்தேன். இறந்தவரின் பெயரை இந்த டைரியில் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பாக்கியநாதன். வயது நாற்பத்தேழு. சமயநல்லூரில் ரோட்டோரம் பஞ்சர் கடை.

நிமோனியாவோடு வந்தார். குழாய் போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்க்கைக் கழற்றாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கழற்றிவிட்டுப் பேசுவார். கடையில் டயர் மேல் ஏறி மிதிக்க வேண்டும் என்பதால் செருப்பே போடுவதில்லையாம், காலெல்லாம் காய்த்துப் போயிருந்தது. பச்சைத் துண்டைத் தலைக்கு அடியிலேயே வைத்திருந்தார், அழுக்கு என்று நான் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். "மத்தவங்க டியூப தண்ணியில முக்கிப் பாப்பாங்க சிஸ்டர். எனக்குத் தண்ணி வேணாம். காதை வச்சாப் போதும், காத்து எங்க போகுதுன்னு சொல்லிப்புடுவேன்" என்றார். மாஸ்க்கில் ஆக்சிஜன் கொஞ்சம் கசிந்ததைக் கூட அவர்தான் எனக்குக் காட்டினார்.

டீச்சர் அவரைப் பார்த்ததே கிடையாது. டீச்சர் வந்தது ஜூன் 7. சோனைமுத்துவும் பார்த்ததில்லை. யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவும் முடியாது, ஏனென்றால் துண்டும் காதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் லீவு போடு என்பார்.

ஜூன் 27, வெள்ளி

இன்று லீவு போட்டேன். மூன்று முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

மே 21, புதன், காலை பதினொன்று. ஸ்கேன் அறையிலிருந்து இரண்டு முறை ஃபோன். இப்போது வராவிட்டால் மூன்று மணிக்குத்தான் என்றார்கள். ஒச்சப்பன் சிலிண்டரைக் கொண்டுவந்து கட்டிலின் தொட்டிலில் வைத்துவிட்டுப் போனார். சாக்பீஸ் கோடு இருந்தது. சாவி கழுத்தில் தொங்கியது. நான் குனிந்து முள்ளைப் பார்த்தேன். பச்சையில் நின்றது. கேஸ் ஷீட்டில் டிக் போட்டேன். கிளம்பினோம்.

சாவியைத் திருப்பி சிலிண்டரைத் திறப்பது நர்ஸின் வேலை. ஸ்டோரில் சோதித்துவிட்டு மூடித்தான் தருவார்கள். ஆனால் மூடிய பிறகும் ரெகுலேட்டருக்குள் ஒரு மடக்குக் காற்று தங்கியிருக்கும். முள் அதைத்தான் காட்டும். பார்த்தால் நிறைந்த சிலிண்டர் திறந்திருக்கிற மாதிரியே இருக்கும். குழாயை மாட்டினால் உஸ்ஸென்று சத்தமும் வரும். சில விநாடிதான். பிறகு முள் விழுந்துவிடும், ஆனால் அதற்குள் கட்டில் நகர்ந்திருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. முள்ளை நம்பாதே, சாவியை நம்பு என்பேன்.

அன்று நான் சாவியைத் தொடவில்லை.

லிப்ட் கதவு மூடும்போது மானிட்டரில் ஆக்சிஜன் 91. தரைத்தளத்தில் 74. நடைபாதையில் 50க்குக் கீழே போய், நாடி இறங்கத் தொடங்கியது. டாக்டர் நிவேதன் பையை அமுக்கிக்கொண்டே, "சிலிண்டர் காலி, ஓடுங்க" என்றார். ஓடினோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த சாவியைத் திருப்பியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கேன் அறையில் சுவர் ஆக்சிஜன் மாட்டி நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கினோம். திரும்பவில்லை.

எல்லோரும் உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். நான் கட்டிலை ஒதுக்கும்போது சாவி கழுத்திலேயே தொங்குவதைப் பார்த்தேன். திருப்பினேன். முள் எழுந்து நின்றது. முழு சிலிண்டர்.

அங்கே பக்கத்தில் துவைத்த துணி வைக்கும் அறை. சிலிண்டரை உள்ளே இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, காற்றை முழுவதுமாகத் திறந்துவிட்டேன். போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்து, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம். அதன் பிறகுதான் ஸ்டோரில் ஒப்படைத்தேன். அங்கே ஒச்சப்பனுக்குப் பதிலாக இருந்தவர் பார்த்துவிட்டு, காலி என்று எழுதினார்.

சாவியை மறந்தது தவறு. அந்த அறையில் உட்கார்ந்தது வெறும் தவறு இல்லை, அது தெரிந்தே செய்தது. என் வேலை, என் பெயர், பத்தொன்பது வருஷம், இதெல்லாம் மனதில் ஓடியது. ஒச்சப்பன் மேல் போய் விழும் என்பதும் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் பொய்.

இன்னொன்று. அந்த அறையில் எனக்கு இடப்பக்கம் இருந்த போர்வைக் கட்டு, காற்று போய்க்கொண்டிருந்தபோது, மெதுவாக அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு. ஃபேன் காற்று என்று அப்போது நினைத்தேன். அந்த அறையில் ஃபேன் கிடையாது.

ஜூலை 1, செவ்வாய்

மேட்ரன் அம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டார். "உங்களுக்கு வேலை மிச்சம் மரகதம். ஒச்சப்பன் ஒத்துக்கிட்டாரு. தன் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போறேன்னுட்டாரு. நாளன்னைக்கு விசாரணை பேருக்குத்தான். நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல."

கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கிளம்பும்போது மேட்ரன் அம்மா ஃபைலைத் திறந்து, "ஆமா, இது என்ன?" என்று காட்டினார். ஜூனில் நான் நிரப்பிய ஆறு ஃபாரங்கள். கடைசிக் கட்டத்தில், கூடச் சென்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கும். ஆறிலும் 5 என்று இருந்தது.

"நாலு பேருதானே போவீங்க?"

கையெழுத்து என்னுடையது. என் 5, தலையில் தனிக் கோடு போட்டு எழுதுவேன், அப்படியே இருந்தது. மறந்து எழுதியிருப்பேன் என்றேன். ஆறு தடவையுமா என்றார். அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஒச்சப்பனைத் தேடினேன். இல்லை.

ஜூலை 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நிர்வாக அதிகாரி, பெரிய டாக்டர், மேட்ரன் அம்மா மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். ஒச்சப்பன் சலவைச் சட்டை போட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் எழுதிய காகிதம் வெளியே தெரிந்தது. உட்காரச் சொன்னதற்கு, பரவாயில்லை என்றார். காகிதத்தைக் கேட்டதும் எடுக்கப் போனார். நான், "அது வேண்டாம்ணே" என்றேன்.

சாவியில் தொடங்கித் துணி அறை வரை சொன்னேன். நடுவில் நிர்வாக அதிகாரி, "சிஸ்டர், மன உளைச்சல்ல ஏதேதோ சொல்லாதீங்க. ரெஜிஸ்டர்ல காலின்னு இருக்கு" என்றார். காலி செய்தது யார் என்பதைத்தான் சொல்கிறேன் என்றேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பதினோரு நிமிடம் என்றேன்.

ஒச்சப்பன் ஓரத்திலிருந்து, "அப்ப நான் இல்லையா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், அப்ப நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்லண்ணே."

சுவரோடு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னை இன்றிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவார்கள், போலீஸுக்கும் போகலாம். ஒச்சப்பனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் அவர் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கிட்டே போனேன்.

"போன மாசம் ரெண்டாந்தேதி நான் சமயநல்லூரு போனேன் சிஸ்டர்" என்றார். "அந்தாளு சம்சாரம் கடையில டயரு அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. பேரு ஞானசுந்தரி. கால்ல விழுந்து, ஒங்க வீட்டுக்காரரக் கொன்னது நான்தாம்மா, என்னைய மன்னிச்சிருன்னேன். மிச்ச டயர அடுக்கி முடிச்சுச்சு. பெறகு, 'எந்திரிங்கண்ணே, மன்னிச்சுட்டேன், போங்க'ன்னுச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது எனக்குக் குடுக்க வேண்டியது இல்லையே சிஸ்டர். இப்ப அத நான் என்ன செய்யிறது?"

நாற்பத்து மூன்று வயதில் ரோட்டில் நின்று அழுதேன். போகிறவர்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை போல என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஜூலை 5, சனி

ஆரப்பாளையத்தில் காலை பத்து மணிக்கு சமயநல்லூர் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம், படி வரை தொங்கினார்கள். என் இடப்பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு உட்காராமல் முன்னால் போனாள். நானும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இன்று எனக்குப் பயம் இல்லை.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ஞானசுந்தரி ஒல்லியான பெண், என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டி, கையெல்லாம் கறுப்பாக, ஒரு பைக் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பைக்கில் வந்தவர் டீக்கடையில் இருந்தார். நான் யார் என்று சொன்னேன். சாவியைச் சொன்னேன், துணி அறையைச் சொன்னேன். ஒச்சப்பன் மேல் தவறில்லை என்று சொன்னேன். நடையில் கூட வந்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் அதற்குள் ஒளிந்துகொள்கிற மாதிரி ஆகிவிடும்.

அவர் கையில் இருந்த கம்பியைக் கீழே வைக்காமலேயே கேட்டார். நான் முடித்ததும், "ஒரு தடவ சாவியத் திருப்பியிருந்தா இருந்திருப்பாரா?" என்றார்.

"இருந்திருப்பாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். காலில் விழப் போனபோது தோளைப் பிடித்து நிறுத்தினார், கையில் இருந்த கறுப்பு என் புடவையில் ஒட்டியது.

"விழாதீங்க. அந்தண்ணன் வந்தப்ப, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள எனக்கு உசுரே போயி வந்துச்சு. அதுக்கப்புறம் நாலு நாளு சாப்பாடு எறங்கல. எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதாம்மா. அத அவருக்குக் குடுத்துட்டேன்" என்றார். "ஒங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துவிட்டதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு உட்கார்ந்து டயரைக் கழற்றத் தொடங்கினார். நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒச்சப்பனிடம் சொன்னதுபோல, போங்க என்றுகூட என்னிடம் அவர் சொல்லவில்லை.